முறைப்படி ஒரு கிறிஸ்மஸ்

மூன்றாவது தடவை வாசித்தபோதும் அந்தத் துண்டுக் காகிதத்தில் இருந்தது மாறவில்லை.

"டிசம்பர் 25, பிற்பகல் நான்கு மணி. பங்களா முற்றத்தில் கிறிஸ்மஸ் மரம். தொழிலாளர் எல்லாரும் வரட்டும். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். முறை உமக்குத் தெரியும்."

கீழே மக்ரே துரையின் கையெழுத்து, முள்ளுக்கம்பியை வளைத்துப் போட்டது மாதிரி.

தோட்டத்து ஆபிஸில் கணக்கும் கடிதமும் எழுதும் பெரிய கிராணி முத்துக்குமாரு காகிதத்தை மேசைமேல் வைத்தார்.  உடனே மறுபடியும் எடுத்து நாலாவது தடவை வாசித்தார்.

அது 1926ஆம் வருடம். புக்கிட் கெராஞ்சி ரப்பர் தோட்டத்துக்கு மக்ரே துரை மேலாளராக வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இந்த மூன்று வாரத்தில் அவர் சிரித்ததைக் கண்டவர் கிடையாது. நெட்டையான உருவம், செங்கல் நிற முகம். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். எதைப் பார்த்தாலும் நின்று, ஒரு கேள்வி கேட்டு, பதிலை அதில் எழுதிக்கொள்வார். எழுதி என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் பயம். பங்களாத் தோட்டக்காரன் ஒருவன், துரை தன்னைப் பார்த்து எழுதியதைக் கண்ட அன்றே கைவாளியை வைத்துவிட்டுச் சுங்கைப் பட்டாணிக்கு நடந்து போனவன், திரும்பி வரவேயில்லை.

முத்துக்குமாருவால் அப்படி நடந்து போய்விட முடியாது. வீட்டில் மனைவி சிவபாக்கியத்துக்கு ஏழாம் மாதம். வேலை போனால் தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸ் வீடும் போய்விடும். பிறகு பினாங்கில் கப்பலேறி, அந்த வயிற்றோடு பத்து நாள் அலையில் ஆடி யாழ்ப்பாணம் போக வேண்டும்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது காகிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"முறை தெரியும் எண்டு எழுதியிருக்கிறாரே, உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டாள் சிவபாக்கியம். "மிஷன் பள்ளிக்கூடத்திலைதானே பத்து வரியம் படிச்சனியள்?"

"படிச்சன்தான். டிசம்பர் பத்தாந் தேதியே பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் போடுவினம். நான் கிறிஸ்மஸைக் கண்ணாலை கண்டனானே?"

"அப்ப போய்த் துரையிட்டைக் கேளுங்கோவன்."

"கேட்கிறதோ? 'முறை உமக்குத் தெரியும்' எண்டு எழுதினால் என்ன அர்த்தம்? தெரியாட்டி நீ துலைஞ்சாய் எண்டு அர்த்தம்!"

முத்துக்குமாரு சைவர். திருநீறு பூசாமல் தேத்தண்ணி குடித்தவரில்லை. ஆனால் புதுத் துரை வந்த நாள்முதல், ஆபிஸ் படியேறுமுன் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். சிவபெருமான் மன்னிப்பார், துரை மன்னிப்பாரா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை டிரெசர் பரஞ்சோதி வந்தார். சுற்றுவட்டாரத்து ஐந்து தோட்டங்களுக்கும் மருந்து கொடுப்பவர் அவர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். டிஸ்பென்சரியில் அவர் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா போத்தலைத் திறக்குமுன்பே முத்துக்குமாரு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிரெசர், காப்பாத்துங்கோ. கிறிஸ்மஸ் மரம் எண்டால் என்ன?"

"மரம் எங்கட ஆக்களின்ரை வழக்கமில்லை. எங்கட வீட்டிலை தொதல், பயத்தம் பணியாரம் எண்டு பலகாரம் செய்யிறதுதான்," என்றார் பரஞ்சோதி. "ஆனால் வாசிச்சிருக்கிறன். அது ஜெர்மன்காரற்றை பழக்கம். அவங்கட இளவரசன் ஒருத்தர் இங்கிலீஸ் ராணியைக் கலியாணம் முடிச்ச பிறகுதான் இங்கிலாந்திலை பரவினது. ஊசி மாதிரி இலை. எக்காலமும் பச்சை. அதிலை மெழுகுதிரி கொளுத்தி வைப்பினம்."

"மரத்திலை நெருப்போ?"

"ஓம். பிறகு கதவு நிலையிலை ஒரு செடி தொங்கோணும். வேறை மரத்திலை ஒட்டி அதின்ரை சாற்றைக் குடிச்சு வளருற செடி. யேசுநாதருக்கு முந்தியே அங்கத்தைப் பூசாரியள் கும்பிட்டு வந்தது."

"அந்தச் செடிக்குக் கீழை என்ன செய்யிறது?"

"அதுக்குக் கீழை நிக்கிறவைக்கு முத்தம் குடுக்கோணும்."

முத்துக்குமாரு சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆர்? ஆருக்கு?"

"ஆரும் ஆருக்கும்."

"டிரெசர், துரை கலியாணம் முடிக்காதவர். முற்றத்திலை முன்னுக்கு நிக்கிற ஆள் நான்."

பரஞ்சோதி சிரிப்பை அடக்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். துணியில் கட்டி அவிக்கிற புட்டிங். அதன்மேல் பிராந்தி ஊற்றி நெருப்பு வைப்பார்கள். கடைசியில் வெள்ளைத் தாடியும் சிவப்புமாக ஒரு கிழவர் வருவார். அவர் முன்னொரு காலத்தில் துருக்கிப் பக்கத்தில் பிஷப்பாக இருந்தவர்.

"இவ்வளவும் வேதத்திலை இருக்கோ?"

"ஒண்டும் இல்லை. இருபத்தஞ்சாந் தேதி எண்டதே வேதத்திலை இல்லை. ரோமாபுரியிலை அந்த நாளையிலை சூரியனுக்குப் பெருநாள் எண்டு சொல்லுவினம்."

"எங்கட தைப்பொங்கல் மாதிரி!" என்று முத்துக்குமாரு ஒரு கணம் மலர்ந்தார். "அப்ப நீங்களே நிண்டு நடத்தித் தாங்கோவன்."

"நான் நாளைக்கே பினாங்குக்குப் போறன். சேர்ச்சிலை கிறிஸ்மஸ் பாட்டுப் பழக்கம் இருக்கு. பயப்பிடாதேங்கோ, துரையின்ரை முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கோ."

அந்த முகத்தைப் பார்த்துத்தானே இவ்வளவு பயமும்.

ஊசி இலை மரம் என்றதும், தொழிலாளரை வேலை வாங்கும் மணியம் கங்காணி தொடையைத் தட்டினார். "சவுக்கு மரம், ஐயா! தஞ்சோங் டாவாய்க் கடற்கரையில கெடக்கு. வண்டி கட்டிக்கிட்டு நானே போறேன்."

புதன்கிழமை போனவர் வெள்ளிக்கிழமை மாலை திரும்பினார். மரமும் வந்தது. ஊசி இலைதான் வரவில்லை.

"வழியில மாட்ட அவுத்து விட்டுக் கொஞ்சம் கண்ணசந்தேன், ஐயா. தின்னுருச்சு."

வண்டியில் கிடந்தது நீளமான ஒரு குச்சி. முத்துக்குமாரு அதன் அருகில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"மனசு தளராதீங்க, ஐயா," என்றார் மணியம். "விடியுறதுக்குள்ள பச்சப்பசேல்னு மரம் நிக்கும். எங்கிட்ட விடுங்க."

விடிந்தது. காலை மழை பெய்து ஓய்ந்ததும், முத்துக்குமாரு குடையோடு பங்களா முற்றத்துக்கு ஓடினார். மரம் நின்றது. அடர்த்தியான பச்சை, இரண்டு ஆள் உயரம். அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கிட்டப் போய் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு காம்பில் மூன்று இலை. அடியில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"கங்காணி! இது ரப்பர்!"

"ஆமாங்கய்யா."

"எந்த இடத்திலை வெட்டினது?"

"ஏழாம் நம்பர்ல."

துரை தினமும் கைத்தடியால் தொட்டு எண்ணிக்கொண்டு போவது தோட்டத்தின் ஏழாம் நம்பர் பகுதியைத்தான். தோட்டத்திலேயே நன்றாகப் பால் தருகிற மரங்கள் அவை.

"பாலெடுக்கிற மரத்தையோ வெட்டினனீர்?"

"மரத்த வெட்டலீங்க. மேல்பாதிய மட்டுந்தான்."

முத்துக்குமாருவின் காதுக்குள் கப்பல் சங்கு ஊதியது. மறைக்க வேண்டும், எதைக்கொண்டாவது இந்த இலையை மறைக்க வேண்டும். டிஸ்பென்சரிச் சாவி அவரிடம் இருந்தது. அங்கிருந்த பஞ்சுக் கட்டு முழுவதையும் தூக்கி வந்தார். சிவபாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கிளைகளைச் சுற்றினாள். மணியம் ஏணியேறி மேற்கிளைகளைச் சுற்றினார். ஒரு மணி நேரத்தில் மரம், பெரிய காயம்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஆளைப்போல் ஆகிவிட்டது. அதன்மேல் நூறு மெழுகுதிரி.

இதற்குள் கங்காணியின் ஆட்கள் கதவு நிலையில் கூடை கூடையாகப் புல்லுருவியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"உது எங்கை கிடைச்சது?"

"அஞ்சாம் நம்பர் மலையில எங்க பாத்தாலும் இதுதானுங்களே."

முத்துக்குமாருவுக்கு அறிக்கை நினைவுக்கு வந்தது. 'இந்தத் தோட்டத்தில் புல்லுருவி கிடையாது' என்று போன வாரம்தான் துரைக்கு அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். இப்போது அது துரையின் வாசலிலேயே தொங்குகிறது. கழற்றச் சொல்ல வாயெடுத்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம்.

மக்ரே துரை நின்றுகொண்டிருந்தார். மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார்.

"இந்தப் பஞ்சு?" என்றார் ஆங்கிலத்தில்.

"பனி, சார்."

"பனி," என்றார் துரை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கதவு நிலையைப் பார்த்தார். "அது?"

"அது... அதுவும் முறைதான், சார்."

"அதற்குக் கீழே நின்றால் என்ன செய்ய வேண்டும்?"

வாத்தியார் பிரம்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த இடத்திலேயே செய்து காட்டச் சொல்வாரோ? முத்துக்குமாருவின் நாக்கு தானாகவே ஒரு பொய்யைச் சொன்னது.

"கை கூப்ப வேண்டும், சார்."

துரை அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"முடிஞ்சுது," என்றார் முத்துக்குமாரு மனைவியிடம். "பொய் சொல்லுறன் எண்டு தெரிஞ்சுகொண்டும் எழுதுறார். எல்லாத்தையும் சேர்த்து வைச்சு ஒரே வெட்டாய் வெட்டப் போறார்."

சமையல்கட்டில் இன்னொரு சிக்கல். பங்களாச் சமையல்காரர் கவுஸ், புட்டிங்கைத் துணியில் கட்டி அழகாக அவித்து வைத்திருந்தார். ஆனால் பிராந்திப் போத்தலைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்.

"அல்லா மேல ஆணை, கிராணியாரே, அத நான் தொட மாட்டேன். மாவு, முட்டை, முந்திரிப்பழம் எல்லாம் என் பொறுப்பு. ஊத்துறதும் கொளுத்துறதும் உங்க பொறுப்பு."

"எவ்வளவு ஊத்துறதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"துரைக்குத் தெரியும். கேக்குறீங்களா?"

முத்துக்குமாரு கேட்கவில்லை.

நான்கு மணி. காலை மழையால் அன்று பால்வெட்டுத் தாமதம்; பெண்கள் பலர் பால் வாளியோடு நேரே பங்களா முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். இருநூறு பேர் நின்றார்கள். மெழுகுதிரிகள் எரிந்தன. மக்ரே துரை கறுப்புக் கோட்டும் டையுமாகக் கதவைத் திறந்து வெளியே வந்தார். புல்லுருவிக்குக் கீழே சரியாக நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

கூட்டத்தில் இருந்த இருநூறு பேரும் பதிலுக்குக் கை கூப்பினார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. துரை முத்துக்குமாருவைப் பார்த்தார். முத்துக்குமாரு துரையைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மெழுகுதிரி உருகித் தரையில் விழுந்தது.

"ஆரம்பிக்கலாமே," என்றார் துரை, மெல்லிய குரலில். அந்தக் குரலின் மென்மைதான் முத்துக்குமாருவை உலுக்கிவிட்டது.

எதை ஆரம்பிப்பது? அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோயில்தான். "கங்காணி, தேங்காய்!" என்று கத்தினார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோயிலிலிருந்து தேங்காயும் கற்பூரமும் பறந்து வந்தன. முத்துக்குமாரு தேங்காயை உடைத்தார். கற்பூரத்தைக் காட்டினார். பஞ்சு சுற்றிய ரப்பர் மரத்தை மூன்று தரம் வலம் வந்தார். இரண்டாம் சுற்றில் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டுத் திரும்பினார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கியபடி, அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

என்னைப் பிடிக்க வருகிறாரா? முத்துக்குமாரு வேகத்தைக் கூட்டினார். துரையும் கூட்டினார்.

துரையே வலம் வருவதைக் கண்ட பெண்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வாளிகளை ஓரமாக வைத்துவிட்டுக் கும்மியடிக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் சுற்று முடிந்து துரை நின்றபோது அவர் முகம் முன்னைவிடச் சிவந்திருந்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "மூன்று," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

இனித் தப்ப வழியில்லை என்று முத்துக்குமாருவுக்குத் தெரிந்துவிட்டது. சீக்கிரம் முடித்தால் போதும். புட்டிங் தட்டை வாங்கி மரத்தடி மேசையில் வைத்தார். பிராந்திப் போத்தலைச் சாய்த்தார். கை நடுக்கத்தில் அரைப்போத்தல் கவிழ்ந்தது. தட்டு நிரம்பி, மேசை நனைந்து, மரத்தின் அடிப்பஞ்சுவரைக்கும் ஓடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தீக்குச்சியைக் கிழித்தார்.

புஸ்!

நீலமாய் எழுந்த நெருப்பு பஞ்சைப் பிடித்து மஞ்சளாகி, ஒரே தாவலில் மரத்தின் பாதிக்கு ஏறியது. இருநூறு பேரும் அலறினார்கள். மணியம் கங்காணி மேல்துண்டால் அடித்தார், மேல்துண்டும் பற்றிக்கொண்டது. துரை மரத்துக்கும் பங்களாவுக்கும் நடுவே பாய்ந்து கோட்டைக் கழற்றி நெருப்பை அடிக்கத் தொடங்கினார்.

"தண்ணி! தண்ணி ஊத்துங்கடி!" என்று கத்தினாள் பால்வெட்டுக்காரி பாப்பம்மா. தண்ணீர் கிணற்றில் இருந்தது. கைக்கு எட்டியது பால் வாளி. அவள் தூக்கி வீசினாள். அவளைப் பார்த்து முப்பது பேர் வீசினார்கள்.

நெருப்பு அணைந்தது. புகை விலகியது. துரை நின்றுகொண்டிருந்தார். தலை, புருவம், மீசை, கன்னம், மார்புவரை வெள்ளை வெளேரென்று ரப்பர் பால். மோவாயிலிருந்து அது நீளமாக இழுபட்டுத் தொங்கியது. இடையிடையே செங்கல் சிவப்பாக முகம்.

 முத்துக்குமாரு கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது மணியம் கங்காணி கையைத் தூக்கினார். டிரெசர் சொன்னதையெல்லாம் முத்துக்குமாரு அவருக்குத்தான் ஒன்று விடாமல் ஒப்பித்திருந்தார்.

"அடேய், வந்துட்டாரு! வெள்ளத் தாடித் தாத்தா வந்துட்டாரு!"

கூட்டம் ஆரவாரித்தது. பெண்கள் கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து துரையின் முன்னால் நீட்டினார்கள். துரை ஒரு கணம் முத்துக்குமாருவைப் பார்த்தார். முத்துக்குமாரு தலையை மட்டும் ஆட்டினார். உடனே துரை ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துக் குலுக்கினார், நாற்பத்தொரு பிள்ளைகள். பால் உறைந்து வாய் ஒட்டிக்கொண்டதாலோ என்னவோ, ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிப் பிள்ளையும் போனதும் விறைப்பாகத் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே முத்துக்குமாரு டிரங்குப் பெட்டியை நடு வீட்டில் திறந்து வைத்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, துரையின்ரை துண்டு வரட்டும், பிறகு அடுக்குவம்," என்றாள் சிவபாக்கியம்.

"வந்த பிறகு அடுக்க என்ரை கை ஓடாது. இப்பவே அடுக்கோணும். பால் மரத்தை வெட்டினது ஒண்டு. புல்லுருவி ரெண்டு. டிஸ்பென்சரிப் பஞ்சு மூண்டு. பங்களா முற்றத்திலை நெருப்பு நாலு. துரைக்குப் பாலாபிஷேகம் அஞ்சு. இதுக்கு வேலை போறது மட்டுமில்லை, கம்பி எண்ணுற மறியலும் கிடைக்கும்."

நெற்றி நிறையத் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டார். இனி யாருக்கு ஒளிக்க?

வாசலில் செருப்புச் சத்தம். கவுஸ் வந்து நின்றார். மேல்மூச்சு வாங்கியது.

"கிராணியாரே, துரை அனுப்பினாரு."

முத்துக்குமாரு எழுந்து நின்றார். கையை நீட்டினார். "துண்டைத் தாரும்."

"துண்டு ஒண்ணும் இல்ல. வாயால கேட்டுட்டு வரச் சொன்னாரு. காலையில இருந்து தேங்காண்ணெய் போட்டு மூஞ்சியில ஒட்டின பால உரிச்சுக்கிட்டு இருந்தேன். புருவம் பாதி போயிருச்சு. அப்பத்தான் கேட்டாரு."

"எப்ப வெளிக்கிடுறன் எண்டோ?"

"அட, அது இல்ல, கிராணியாரே." கவுஸ் குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் பால மூஞ்சியில ஊத்திக்கணுமா, மொத வருசத்துக்கு மட்டும்தானான்னு கேட்டாரு, அவரு ஸ்காட்லாந்து ஊர்ச் சர்ச்சுல கிறிஸ்மஸே கொண்டாட மாட்டாங்களாம், மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்ச நீங்க கிறிஸ்தவருன்னு நெனச்சு, கொண்டாடலேன்னா நீங்க கோவிச்சுக்கிட்டு வேலைய விட்டுப் போயிடுவீங்களோங்கிற பயத்துலதான் மனுசன் உங்க பின்னாடியே அம்புட்டும் செஞ்சாராம்!"